நுழைவாயில் வளைவும் பூட்டிய பட்டறையும்

கடந்த கிழமை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வடக்கின் பெயர்பெற்ற பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்கத்தினது வெளிநாட்டுக் கிளை அனுப்பியிருந்தது. பாடசாலையின் முன்புறத்தில் கருங்கல் தூண்களுடன் புதிய நுழைவாயில் வளைவு ஒன்று எழுப்பப் போகிறார்களாம். பெருந்தொகை தருவோரின் பெயர்கள் பளிங்கிலே பொறிக்கப்படுமாம். நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் காலம் கழித்தவன் என்ற முறையில், அந்த நன்முயற்சியைப் பாராட்டி நான் நாலு வரி எழுதித் தரவேண்டும் என்பது வேண்டுகோள்.

எழுதித் தரமாட்டேன். ஏன் மறுக்கிறேன் என்பதை விளக்கவே இந்தப் பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர் செய்தி சேகரிப்பதற்காக வடக்கிலுள்ள தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். அங்கே ஒரு பட்டறை பூட்டிக் கிடந்தது. காவலாளி திறந்து காட்டினார். உள்ளே ஒரு நவீன கடைசல் இயந்திரம், வந்திறங்கிய பொலித்தீன் உறையுடன் அப்படியே நின்றது. மும்முனை மின்னிணைப்பு இல்லை. இணைப்பு வந்தபோது போதனாசிரியர் இல்லை. அவர் கட்டாருக்குப் போய்விட்டார். இயந்திரத்தில் தூசி படிந்திருந்தது. சுவரில் இருந்த பெயர்ப்பலகை மட்டும் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. யார் கொடுத்தார்கள், யார் திறந்து வைத்தார்கள் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருந்தது. எத்தனை பிள்ளைகள் அந்த இயந்திரத்தைத் தொட்டார்கள் என்று கேட்டேன். காவலாளி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பல ஆண்டுகளின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. என் சகோதரியின் மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்த காலம் அது. அவன் வாழும் சிறுநகரிலே ஒரு சமூகக் கல்லூரி உண்டு. ‘அது பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் போகிற இடம், மாமா’ என்றான். அந்தச் சொல்லே என்னை அங்கே போக வைத்தது. ஒரு மாலைப்பொழுதில் பட்டறையைச் சுற்றிப் பார்க்க அனுமதித்தார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனும், தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலையிழந்த ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரும் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்று, கணனியினால் இயங்கும் வெட்டுக்கருவிக்குக் கட்டளை எழுதப் பழகிக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தின் பக்கவாட்டில் சிறியதொரு ஒட்டுத்தாள். சமஷ்டி அரசாங்க நிதியில் வாங்கப்பட்டது என்ற குறிப்பும் ஓர் இலக்கமும் அதிலே இருந்தன. பளிங்கும் இல்லை, பெயரும் இல்லை.

இலக்கம் எதற்கு என்று கேட்டேன். சமஷ்டி நிதியில் வாங்கிய உபகரணத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது நேரில் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. பொருள் எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது, பயன்படுகிறதா என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். நமது பொலித்தீன் உறைக்கும் அந்த ஒட்டுத்தாளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

அமெரிக்காவின் பெயரைச் சொன்னதும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அந்நாட்டின் போர்களையும் பேராசையையும் நானும் நிறைய எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு நாடு தன் உழைப்பாளிகளுக்குக் கல்வி கொடுக்கச் செய்த ஏற்பாட்டைப் படிப்பதற்கு அந்த நாட்டைக் காதலிக்க வேண்டிய அவசியமில்லை.

1862 ஆம் ஆண்டு. அங்கே உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த காலம். அந்த நேரத்தில்தான் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் மொறில் சட்டத்தில் கையெழுத்திட்டார். விவசாயமும் இயந்திரக் கலையும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக, ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்ற கறை அதன்மேல் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. 1901 இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியற் நகரில் ஆறு மாணவர்களுடன் ஓர் இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கியது. இன்று அவ்வாறான கல்லூரிகள் சுமார் ஆயிரம் இருக்கின்றன. 1917 இன் சிமித்–ஹியூஸ் சட்டம், தொழிற்கல்விக்கு மத்தியிலிருந்து பணம் கொடுத்தது. ஆனால் மாநிலம் ஒரு டொலர் போட்டால்தான் மத்தி ஒரு டொலர் போடும் என்றது. 1963 இல் ஒரு சட்டம், 1984 இல் கென்டக்கி மாநிலத்து உறுப்பினர் கார்ல் பேர்கின்ஸின் பெயரால் ஒரு சட்டம். பேர்கின்ஸ் சட்டம் கடைசியாக 2018 ஜூலையில் புதுப்பிக்கப்பட்டது. ஜனாதிபதிகள் மாறினார்கள், கட்சிகள் மாறின. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்த நிதிக்குழாய் மூடப்படவில்லை.

ஆண்டொன்றுக்கு அந்தச் சட்டத்தின் கீழ் மாநிலங்களுக்குப் போவது சுமார் 140 கோடி டொலர். உயர்நிலைப் பாடசாலைகளும் சமூகக் கல்லூரிகளும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவ்வளவு பெரிய நாட்டுக்கு இது பெருந்தொகை அல்ல. கல்லூரிகளின் அன்றாடச் செலவை மாநில வரியும் உள்ளூர் வரியும் மாணவர் கட்டணமும் சுமக்கின்றன. பேர்கின்ஸ் பணம் சிறியது. அதன் நிபந்தனைகளே பெரியவை. அவற்றுள் சிலவற்றை நம்மவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

முதலாவது, இந்தப் பணம் ஏற்கனவே செலவழிக்கப்படும் பணத்துக்கு மேலதிகமாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வரக்கூடாது. ‘மத்தி தருகிறது, இனி நாம் தரவேண்டியதில்லை’ என்று மாநிலமோ கல்லூரியோ கையைக் கட்டிக்கொள்ள முடியாது. இரண்டாவது, மாநிலத்துக்கு வரும் தொகையில் குறைந்தது 85 வீதம் கற்பிக்கும் இடத்துக்கே போய்ச்சேர வேண்டும். நிருவாகத்துக்கென்று ஒதுக்கும் பங்கிற்கு உச்சவரம்பு உண்டு. மூன்றாவது, கல்லூரிகளிடையே பணத்தைப் பங்கிடும்போது, தொழிற்பாடநெறிகளில் ஏழை மாணவருக்கான பெல் கொடையைப் பெறுவோர் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். ஏழைகள் அதிகம் படிக்கும் இடத்துக்கு அதிகப் பணம் போகிறது. நான்காவது, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளூர்த் தேவையை அளந்து பார்க்க வேண்டும். தொழில் தருவோரையும் மாணவரையும் பெற்றோரையும் அழைத்து, எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும், எந்தப் பாடநெறி காலாவதியாகிவிட்டது என்று கேட்க வேண்டும். ஐந்தாவது, பெண்கள் 25 வீதத்துக்கும் குறைவாக இருக்கும் தொழிலில் பெண்களையும், ஆண்கள் அவ்வாறு குறைவாக இருக்கும் தொழிலில் ஆண்களையும் சேர்க்க என்ன செய்தீர்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

ஆறாவதைத் தனியாகச் சொல்கிறேன். இந்த நிதியைக் கொண்டு கட்டடம் எழுப்ப முடியாது. இயந்திரம் வாங்கலாம், ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கலாம், பாடத்திட்டத்தைத் திருத்தலாம். சுவர் எழுப்ப வேண்டுமானால் வேறு பணம் தேட வேண்டும். கருங்கல் தூண்காரர்கள் இந்த வரியை இரண்டாம் முறை வாசிப்பார்களாக.

‘தொழிலாளி வேண்டுமென்றால் தொழிற்சாலைக்காரன் பயிற்சி கொடுக்கட்டும், அரசாங்கமோ நன்கொடையாளரோ ஏன் கொடுக்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். நடைமுறையைப் பாருங்கள். ஒரு முதலாளி ஈராண்டு செலவழித்து ஒருவனை நல்ல வெல்டராக்குகிறார். பக்கத்துத் தெரு முதலாளி ஒரு சதமும் செலவழிக்காமல், சம்பளத்தைச் சிறிது கூட்டிக் கொடுத்து அவனைக் கூட்டிக்கொண்டு போகிறார். அடுத்த முறை முதலாமவர் யாருக்கும் பயிற்சி கொடுக்கமாட்டார். எல்லோரும் அடுத்தவன் பயிற்றுவிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். எவரும் பயிற்றுவிக்காத ஊரில் எவருக்கும் ஆள் கிடைக்காது. அந்த முடிச்சை அவிழ்ப்பதற்குப் பொதுப்பணம் வேண்டும்.

கல்லூரிக்குள்ளும் இதே சிக்கல் இருக்கிறது. வரலாற்று விரிவுரைக்கு ஒரு கரும்பலகையும் ஓர் ஆசிரியரும் போதும். அறுபது பேர் கேட்கலாம். தாதியர் பயிற்சிக்கு ஓர் ஆசிரியரின் கண்காணிப்பில் பத்துப் பேருக்குமேல் விடமுடியாது. வெல்டிங் பழகுபவன் ஒவ்வொரு நாளும் உலோகத்தையும் வாயுவையும் எரித்துத் தள்ளுகிறான். தலைக்கு இவ்வளவு என்று பணம் கிடைக்கும் கல்லூரி அதிபர், கணக்கைப் பார்த்தால் வரலாற்று வகுப்பைக் கூட்டிப் பட்டறையைக் குறைக்கத்தான் விரும்புவார். மானியம் இல்லாவிட்டால் மலிவான படிப்பே வளரும். ஊருக்கு வேண்டிய படிப்பு வாடும்.

குறைகளே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2011 முதல் 2014 வரை அமெரிக்கத் தொழில் திணைக்களம், வெளிநாட்டு வர்த்தகப் போட்டியால் வேலையிழந்தவர்களை மனதில் வைத்து, ஏறத்தாழ 200 கோடி டொலரைச் சமூகக் கல்லூரிகளுக்குப் போட்டி அடிப்படையில் வழங்கியது. போட்டி என்றால் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவன் வெல்லுவான். விண்ணப்பம் எழுதத் தனி ஆள் வைத்திருக்கும் பெரிய கல்லூரியோடு, அதிபரே தட்டச்சும் செய்கிற கிராமத்துக் கல்லூரி எப்படிப் போட்டியிடும்? காலக்கெடுவுள்ள பணத்துக்கு இன்னொரு நோயும் உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளுக்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆலோசகரை வைத்துவிட்டுப் பணம் முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டால், அவர் தாங்கிப் பிடித்த மாணவன் நடுவழியில் நிற்பான்.

ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது; அதற்காக அதை எழுதியவருக்கு நான் கைகூப்புவேன். மானியப் பணத்தில் உருவாக்கும் பாடத்திட்டமும் பாடநூலும் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட வேண்டும் என்பதே அது. உருவாக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு உலகில் எவரும் அவற்றை எடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். தமிழிலே தருவதற்கு எவருடைய காலிலும் விழ வேண்டியதில்லை. ஒரு மொழிபெயர்ப்பாளரின் ஓராண்டுச் சம்பளம் போதும், ஒரு பாடநெறி முழுவதும் நம் பிள்ளைகளின் கைக்கு வந்துவிடும். வளைவில் ஒரு தூணின் விலை அது.

இன்னொரு பாடம் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமூகக் கல்லூரிகளிலிருந்து வருகிறது. 2007 இல் அவர்கள் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். முழுநேரம் படிக்க ஒப்புக்கொள்ளும் மாணவருக்கு நெருங்கிய ஆலோசனை, பாடநூல் உதவி, கட்டண நிவாரணம், பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வர இலவச அட்டை என்று கொடுத்தார்கள். மாணவரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் சோதித்துப் பார்த்தபோது, வழமைபோலப் படித்தவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் முடித்தவர்கள் சுமார் 22 வீதம். இந்த உதவிகளைப் பெற்றவர்களில் முடித்தவர்கள் சுமார் 40 வீதம். பிள்ளைகளின் மூளையை யாரும் மாற்றிவிடவில்லை. பஸ் காசுக்காக வகுப்பை விடும் நிலையையும், கேட்க ஆளில்லாமல் தடுமாறும் நிலையையும் மாற்றினார்கள். வன்னியின் உட்கிராமத்திலிருந்து பயிற்சி நிலையத்துக்கு வர இரண்டு பஸ் மாறும் பிள்ளையைக் கேட்டுப்பாருங்கள், பஸ் அட்டையின் பெறுமதி என்னவென்று அவள் சொல்லுவாள்.

2025 ஜூலையில் நிறைவேறிய ஒரு சட்டம், எட்டு வாரம் முதல் பதினைந்து வாரத்துக்கு உட்பட்ட குறுகிய தொழிற்பயிற்சிகளுக்கும் பெல் கொடையை 2026 ஜூலை 1 முதல் நீட்டித்திருக்கிறது. அங்கும் கடிவாளம் உண்டு. சேர்ந்தவர்களில் 70 வீதத்தினர் முடிக்க வேண்டும். 70 வீதத்தினருக்கு வேலை கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாடநெறிக்குப் பணம் இல்லை. கொடுப்பவன் கேள்வி கேட்கிறான். பெறுபவன் பதில் சொல்கிறான். ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்று நம் முன்னோர் சொன்னதையும் நாம் பிச்சைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கொடைக்கு மறந்துவிட்டோம்.

இவையெல்லாம் பணக்கார நாட்டுக் கதை, நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு மானிப்பாயை நினைவூட்டுகிறேன். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், கடல்கடந்து வந்த நன்கொடையைக் கொண்டு நம் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அவருடைய சமயநோக்கத்தோடு உடன்படாதவர்களும் அந்தக் கொடையின் பயனை மறுக்க முடியாது. நம் காலத்திலும் உதாரணம் உண்டு. ஜேர்மனிய உதவியோடு 2016 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரு தொழிற்பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. தேசிய தொழில் தகைமை என்ற ஏழு படிகள் கொண்ட ஏணியும் நாட்டில் இருக்கிறது. சான்றிதழில் தொடங்கி பட்டம்வரை அதிலே ஏறலாம். பாதை இருக்கிறது. அதில் நடக்க நம் சமூகம் வெட்கப்படுகிறது.

அந்த வெட்கத்தை வளர்த்தவர்களில் நானும் ஒருவன். இதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் நேர்மையற்றவனாவேன். ஒவ்வோர் ஆண்டும் க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்த மறுநாள், மாவட்டத்தில் முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படங்களை முதற்பக்கத்தில் போட்டவன் நான். மருத்துவபீடம், பொறியியற்பீடம் என்று தடித்த எழுத்தில் தலைப்பிட்டவன் நான். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பெருந்தொகைப் பிள்ளைகளின் அன்றைய இரவு எப்படிக் கழிந்தது என்று ஒரு வரியும் எழுதியதில்லை. வெல்டிங்கிலோ மின்னிணைப்பிலோ தகைமை பெற்ற ஒரு பிள்ளையின் படத்தை அந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு தடவைகூட முதற்பக்கத்தில் போட்டதில்லை. எங்கள் ஒழுங்கையில் வாகனத் திருத்தம் படித்துத் தகைமைச் சான்றிதழ் பெற்ற ஒருவனுக்குத் திருமணம் பேசியபோது, அவனுடைய தாய், ‘மகன் ஒரு கொம்பனியில் வேலை’ என்று மட்டும் சொன்னார். சான்றிதழ் அலுமாரிக்குள் இருந்தது. அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவர் வாசித்தது என்னுடைய பத்திரிகையைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவில் ஒரு கூட்டத்தில், பாடசாலைக்குச் சேரும் நிதியில் பத்திலொரு பங்கையாவது அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கொடுக்கலாமே என்று சொன்னேன். ‘ஐயா, அங்கே எங்கட பிள்ளைகள் படிக்கிறதில்லையே’ என்றார் ஒருவர். அவரும் அவரோடு கூட வந்த பலரும் அகதியாக இறங்கிய காலத்தில் அந்நாட்டுத் தொழிற்கல்லூரிகளின் மாலை வகுப்பில் உட்கார்ந்துதான் தலைநிமிர்ந்தார்கள். அந்த வகுப்புக்குப் பணம் கொடுத்த வரியிறுப்பாளர் எவரும், ‘எங்கள் பிள்ளைகளா படிக்கிறார்கள்?’ என்று கேட்டிருந்தால் இவர்கள் எங்கே நின்றிருப்பார்கள்?

ஆகவே புலம்பெயர்ந்த சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இது. கட்டடத்துக்குக் கொடுக்காதீர்கள், கற்பித்தலுக்குக் கொடுங்கள். இயந்திரம் வாங்கினால் அதற்கான மின்னிணைப்பையும் பராமரிப்பையும் போதனாசிரியரின் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒரே தடவையில் பெருந்தொகை கொடுத்துப் படம் எடுப்பதைவிட, சிறுதொகையை ஐந்து ஆண்டுகள் தவறாமல் கொடுங்கள். நிலையமும் தன் பங்கைப் போட வேண்டும் என்று கேளுங்கள். ஏழைப் பிள்ளையின் பஸ் காசை முதலில் ஒதுக்குங்கள். ஆண்டு முடிவில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற நான்கு எண்களைக் கேளுங்கள். எண்கள் வராவிட்டால் அடுத்த ஆண்டுப் பணத்தை நிறுத்துங்கள். அன்பின் பெயரால் கேள்வி கேட்காமல் கொடுப்பதால்தான் நம் ஊரில் பட்டறைகள் பூட்டிக் கிடக்கின்றன.

அந்த மின்னஞ்சலுக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. இந்தப் பதிவையே பதிலாக அனுப்பப் போகிறேன். வளைவைக் கட்டுவது உங்கள் உரிமை, பணம் உங்களுடையது. ஆனால் அதற்குள்ளால் நுழையும் நூறு பிள்ளைகளில் பல்கலைக்கழகத்துக்குப் போகாத பிள்ளைகளே பெரும்பான்மை. அவர்கள் வெளியே வரும்போது எங்கே போவார்கள் என்பதற்கு உங்களிடம் ஒரு பதில் இருந்தால், எழுதி அனுப்புங்கள். அந்தப் பதிலைப் பாராட்டி நாலு வரி என்ன, நாலு பக்கம் எழுதித் தருகிறேன்.